மிஸ்டர் இஞ்சாருங்கோ

ஸ்காபரோவிலிருந்து எந்தத் தமிழ்க் குடும்பம் விமானம் ஏறினாலும், இறங்குகிற இடத்தில் ஒரு மச்சானோ மச்சாளோ வான் வண்டியை நிறுத்திக்கொண்டு காத்து நிற்பார்கள். லண்டன் போனால் சித்தி வீடு, பாரிஸ் போனால் பெறாமகன் வீடு, சுவிஸ் போனால் இரண்டு வீட்டுக்காரரும் ‘எங்களிட்டை முதல் வரேல்லை’ என்று கோபித்துக்கொள்ளுவார்கள். புஸ்பராணி அதுவரை இரண்டு தரம் ‘ஊர் பார்க்க’ப் போயிருந்தாள். இரண்டு தரமும் பார்த்தது சொந்தக்காரரின் குசினிகளைத்தான். லண்டனில் பத்து நாள் நின்றவள் அந்தப் பெரிய மணிக்கூட்டைக் கண்ணாலும் காணவில்லை; ஆனால் மச்சாள் வீட்டில் எந்த அடுப்புச் சரியாக எரியாது என்பது அவளுக்கு இன்றைக்கும் மனப்பாடம்.

ஆகவே 1996ஆம் ஆண்டு ஒக்டோபரில் அவளும் கணவர் ஸ்ரீஸ்கந்தராசாவும் ஹொங்கொங், தாய்வான், கொரியா, ஜப்பான் என்று கடற்கரைப் பட்டினங்களைச் சுற்றிப் பார்த்து, சாப்பிட்டு வரப் போகிறார்கள் என்ற கதை டோர்செட் பார்க்கில் அவர்கள் இருந்த கட்டடத்தில் பரவியபோது, லிஃப்டில் கண்டவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்.

“அங்கை உங்களுக்கு ஆர் இருக்கினம்?”

“ஒருத்தரும் இல்லை.”

“அப்ப எங்கை நிக்கப் போறியள்?”

“ஹோட்டலிலை.”

கேட்டவர்கள் அவளைக் கொஞ்சம் பரிதாபமாகப் பார்த்தார்கள். சொந்தம் என்று ஒரு குஞ்சு குருமானும் இல்லாத தேசத்துக்குக் காசு கொடுத்துப் போவதா என்பது அந்தப் பார்வையின் பொருள். பன்னிரண்டாம் மாடி அன்ரனெற் மட்டும், “குடுத்து வைச்சனீங்கள், ஒருத்தருக்கும் சமைக்கத் தேவையில்லை,” என்றாள். அன்ரனெற் முந்தின வருடம்தான் ஜேர்மனியில் ஒரு மாதம் சமைத்துவிட்டு வந்திருந்தாள்.

இந்தப் பயணத்துக்குக் காரணம் லீ என்ற மனிதர். ஸ்ரீஸ்கந்தராசா வேலை செய்த தொழிற்சாலையில், கார்க் கதவுகளுக்குத் தகடு அமத்தி வெட்டுகிற இடத்தில், ஒன்பது வருடம் அவரோடு மத்தியானச் சாப்பாடு சாப்பிட்டவர். இரண்டு பேருக்கும் சேர்த்து முந்நூறு இங்கிலீஷ் சொல் தெரிந்திருந்தால் அதிகம். லீயின் பெட்டியிலிருந்து இறால் கொழுக்கட்டை இவருக்கு வரும், இவருடைய பெட்டியிலிருந்து புட்டும் நண்டுக்கறியும் அவருக்குப் போகும். “யூ கோ ஹொங்கொங், யூ ஈற்” என்று லீ ஒன்பது வருடமாகச் சொல்லிக்கொண்டே இருந்தார். லீயின் மகள் மில்லிக்கனில் ஒரு பிளாஸாவில் பயண முகவர் கடை வைத்திருந்தாள். வயதான சீன ஆட்களை வருடா வருடம் கூட்டிக்கொண்டு போகிற பயணத்தில் இரண்டு இடம் காலியானபோது, லீ போனில் இவரைப் பிடித்துவிட்டார்.

பிள்ளைகளுக்குச் சந்தோசம். மகள் நிருஜாவும் மகன் விதுர்சனும் அப்பா அம்மாவின் இருபத்தைந்தாவது கல்யாண நாளுக்கு என்ன செய்யலாம் என்று மண்டையைப் போட்டு உடைத்துக்கொண்டிருந்த நேரம் அது. “அம்மா, ஜஸ்ட் போங்கோ,” என்றான் விதுர்சன். “தெயார் இஸ் நோ மச்சாள் இன் ஹொங்கொங்.”

புஸ்பராணி போக ஒப்புக்கொண்டது ஹொங்கொங்குக்காக அல்ல. அதற்கு வேறு காரணம் இருந்தது.

அந்த வருடம் ஜூன் மாதம் ஸ்ரீஸ்கந்தராசாவைக் காது டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போனார்கள். மொழிபெயர்க்க நிருஜா வந்தாள். வலது காது போய்விட்டது என்றார் டொக்டர். இடது காதும் போய்க்கொண்டிருக்கிறது, ஒரு வருடம், கூடினால் இரண்டு. பிறகு, எந்த மெஷினில் நின்றீர்கள் என்று கேட்டார். கடைசியில் இருக்கிற பெரிய அமத்துகிற மெஷின் என்றார் இவர். அப்படியான மெஷினுக்கு ஆட்களை மாற்றி மாற்றித்தானே விடுவார்கள், நீங்கள் ஏன் ஒன்பது வருடம் அதிலேயே நின்றீர்கள் என்று டொக்டர் விடாமல் கேட்டார்.

“அதிலை நிக்க ஒருத்தருக்கும் விருப்பமில்லை. சத்தம் தாங்கேலாது. நான் நிக்கிறன் எண்டு கேட்டு வாங்கினனான். அதிலை நிண்டால் ஓவர்டைம் நிச்சயம்,” என்றார் ஸ்ரீஸ்கந்தராசா. “குடும்பத்தைக் கூப்பிட வேண்டியிருந்தது.”

ரொறன்ரோவில் எங்கள் ஆட்கள் கூப்பிடுவது என்று சொன்னால், ஸ்பொன்சர் செய்து ஊரிலிருந்து எடுப்பது என்று பொருள். நேற்று மழையில் நனைந்தேன் என்கிற மாதிரித்தான் மனிதர் அதைச் சொன்னார்.

புஸ்பராணி அந்த இடத்திலேயே கணக்குப் பார்த்தாள். 1986இல் அவர் தனியாக வந்தார். ஐந்து வருடம் கழித்து அவளும் பிள்ளைகளும் வந்து சேர்ந்தார்கள். அதற்குப் பிறகு அவள் செய்தது என்ன? ரீவியைக் குறையுங்கோ என்று பேசினாள். ஒன்றை ஒன்பது தரம் சொல்ல வேண்டியிருக்கு என்று பேசினாள். ஆட்கள் வந்திருக்கும்போது ‘அவருக்கு வேண்டியது மட்டும்தான் கேக்கும்’ என்று சொல்லிச் சிரித்தாள். வயது போகிற காது என்றுதான் நினைத்திருந்தாள். கேட்டு வாங்கின செவிடு என்று யார் கண்டது.

அன்றைக்கே அவருக்கு ஏதாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. ஆனால் எப்படிச் சொல்வது? பிள்ளைகள் உப்பை எடுத்துக் கொடுத்தாலும் தாங்ஸ் என்கிறார்கள். அவளும் பஸ் டிரைவருக்குச் சொல்வாள், தான் வேலை செய்கிற மஃபின் தொழிற்சாலையில் கதவைத் திறந்து பிடிக்கிறவனுக்குச் சொல்வாள். கட்டின மனிதனிடம் போய் நன்றி என்று சொன்னால் அவர் பயந்துபோய் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார். வீட்டில் அவளுக்கு வாய் வரவில்லை. பயணத்தில், தெரிந்த முகம் இல்லாத ஏதாவது ஒரு நல்ல இடத்தில் வைத்துச் சொல்லிவிடுவம் என்று நினைத்தாள். அவருக்குக் காது கேட்கிற காலத்தில் சொல்லிவிட வேண்டும். இதற்காகத்தான் அவள் பெட்டி கட்டினாள்.

பெட்டியில் முதலில் போனது தூள். வீட்டில் வறுத்து, மில்லிக்கனில் அரைப்பித்த கறித்தூள், ஒரு ஹோர்லிக்ஸ் போத்தல் நிறைய. சீனச் சாப்பாட்டில் உறைப்பு இராது என்று ஆரோ சொல்லியிருந்தார்கள். ஹொங்கொங்கில் முதல் நாள் சாப்பாட்டு மேசையில் அவள் போத்தலை மெல்ல எடுத்து அவித்த மீனுக்கு மேல் தூவினாள். மேசையைச் சுற்றி இருந்த வயதான சீனப் பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். ஒருத்தி தன் கோப்பையை நீட்டினாள். மூன்றாம் நாள் போத்தல் அவளுடைய கைக்கே வரவில்லை, மேசையைச் சுற்றி வலம் வந்துகொண்டிருந்தது. கூட வந்த இருபது பேரும் அவளைக் கண்டதும் போத்தலைத்தான் தேடினார்கள். ரொறன்ரோவில் பதினைந்து நிமிடத் தூரத்தில் இருக்கிற ஆட்களை இவ்வளவு தூரம் வந்து பழக்கம் பிடிக்க வேண்டியிருந்தது.

சும்மா சொல்லக்கூடாது, ஹொங்கொங் வடிவான ஊர்தான். மலையும் கடலும் ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டு நிற்க, நடுவில் கிடைத்த இடத்திலெல்லாம் கட்டடம். இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போகிற பச்சை வெள்ளைப் படகில் மரப் பலகை வாங்கில் இருவரும் இருந்தார்கள். காற்று நன்றாக வீசியது. இதுதான் நேரம் என்று புஸ்பராணி அவருடைய இடது பக்கத்துக்கு மாறி இருந்தாள்.

“உங்களுக்கு ஒண்டு சொல்ல வேணும்.”

“ஆ?”

“ஒண்டு சொல்ல வேணும் எண்டன்.”

“பசிக்குதோ? இறங்கின உடனை சாப்பிடுவம்.”

“பசியில்லை.”

“என்ன?”

“ஒண்டுமில்லை, விடுங்கோ,” என்று அவள் கத்தினாள். முன்வாங்கில் இருந்த வெள்ளைக்காரன் திரும்பிப் பார்த்தான். காதுக்கு ஒரு மெஷின் கொடுத்திருந்தார்கள். அதைப் போட்டால் கரண்டி விழுகிற சத்தமெல்லாம் மண்டைக்குள் விழுகிறது என்று மனிதர் அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தார். அவருக்குக் கேட்க வேண்டுமென்றால் கத்த வேண்டும். இப்படியான கதையைக் கத்திச் சொல்ல ஏலுமா? மீன் விற்கிறவள் மாதிரிக் கூவியா ஒருத்தி கட்டினவனுக்கு நன்றி சொல்வாள்? புஸ்பராணி அன்றைக்குச் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை ஒரு சண்டை வந்தது. வீட்டில் வெள்ளிக்கிழமை சைவம், அது கல்லில் எழுதினது. அன்று மத்தியானச் சாப்பாட்டுக்குப் பதினொரு மணிக்கே மேசைக்கு வந்ததோ இஞ்சியும் வெங்காயத்தாளும் போட்டுப் பிரட்டின நண்டு. ஸ்ரீஸ்கந்தராசா மணிக்கூட்டைப் பார்த்தார். பிறகு நண்டைப் பார்த்தார். பிறகு மிக நிதானமாகச் சொன்னார்: “இஞ்சைதான் வெள்ளிக்கிழமை. ஸ்காபரோவிலை இப்ப வியாழன் இரவு. எங்கட கோயில் ஸ்காபரோவிலைதானே இருக்குது?”

“அப்பிடியே?” என்றாள் புஸ்பராணி.

“ஓம். பிள்ளையார் இன்னும் வியாழக்கிழமையிலைதான் இருக்கிறார்,” என்று சொல்லி நண்டுக்காலை உடைத்தார்.

அன்று அவள் சாப்பிட்டது மரக்கறி மட்டும். அடுத்த நாள் காலமை, இறால் கொழுக்கட்டை வண்டியில் ஆவி பறக்க வந்து மேசைக்குப் பக்கத்தில் நின்றபோது, அவருடைய கையைப் பிடித்துக்கொண்டாள். “பொறுங்கோ. ஸ்காபரோவிலை இப்ப வெள்ளிக்கிழமை பின்னேரம். பிள்ளையார் பாத்துக்கொண்டு இருக்கிறார்.” மனிதர் அன்று காலமை வெறும் தேத்தண்ணியும் கீரையுமாக இருந்தார். மற்றவர்களுக்குக் கதை போனபோது மேசை முழுவதும் சிரித்தது. அவரும் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்துப் பார்த்து எவ்வளவு காலம் என்று அவளுக்குத் தோன்றியது.

தாய்வானில் கீலுங் துறைமுகத்தில் இரண்டு நாளும் மழை. தகரக் கூரைக்குக் கீழே வாங்கில் இருந்து, மீன் உருண்டை மிதக்கிற சூப்பும் சிப்பி போட்ட முட்டைப் பொரியலும் சாப்பிட்டார்கள். அவர் தன் கோப்பையிலிருந்து நல்ல சிப்பியாகப் பொறுக்கி அவளுடைய கோப்பைக்குள் போட்டுக்கொண்டே இருந்தார். சொல்லப் போனாள். கூரையில் மழை கொட்டிய சத்தத்தில் அவளுக்கே அவளுடைய குரல் கேட்கவில்லை. சிப்பியைச் சாப்பிட்டாள்.

கடைசி ஊருக்கு முந்தின ஊர் பூசான். கொரியாவின் பெரிய துறைமுகம். அங்கிருந்து பின்னேரம் ஆறு மணிக்குக் கப்பலேறி, காலமை ஜப்பானில் இறங்கி, அங்கே இரண்டு நாள் நின்றுவிட்டு ரொறன்ரோவுக்குத் திரும்புவது என்பது ஒழுங்கு. காலமை முழுவதும் மீன் சந்தை.

அந்தச் சந்தையைப் பார்த்ததும் ஸ்ரீஸ்கந்தராசாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. றப்பர்ச் சப்பாத்தும் கையுறையும் போட்ட பெண்கள் வரிசை வரிசையாகத் தொட்டிகளுக்குப் பின்னால் இருந்தார்கள். உயிர் நண்டு, உயிர்க் கணவாய், அவர் ஆயுளில் காணாத ஏழெட்டு வகைச் சிப்பி. ‘உதென்ன, உதென்ன’ என்று அவர் தமிழில் கேட்க, அவர்கள் கொரிய மொழியில் பதில் சொல்ல, இரண்டு பக்கமும் விளங்கின மாதிரியே தலையாட்டிக்கொண்டார்கள். ஒரு கிழவி வெட்டின கணவாய்த் துண்டு ஒன்றை அவருடைய வாய்க்கு நேரே நீட்டினாள். அது இன்னும் அசைந்துகொண்டிருந்தது. மனிதர் கண்ணை மூடிக்கொண்டு வாங்கிச் சாப்பிட்டார்.

புஸ்பராணிக்குத்தான் பாடு. திரும்பிப் பார்த்தால் ஆளில்லை. கூப்பிட்டால் கேட்காது. சனத்துக்குள் இடிபட்டு, மீன் தண்ணீரில் சீலைக் கரை நனைய, மூன்று தரம் தேடிக் கண்டுபிடித்தாள். நாலாம் தரம் அவர் ஒரு வண்டிப் பாதைக்கு நடுவில் நின்று நண்டைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். பின்னால் ஐஸ் பெட்டி ஏற்றின வண்டி கோர்ன் அடித்துக்கொண்டு வந்தது. அவருக்குக் கேட்கவில்லை. அவள் பாய்ந்து கையைப் பிடித்து இழுத்தாள். வண்டி சட்டையில் உரசிக்கொண்டு போனது.

பயம் கோபமாகத்தான் வெளியே வந்தது. “காது கேக்காத மனுசனோடை ஊர் சுத்த வெளிக்கிட்டதுக்கு என்னைச் செருப்பாலை அடிக்க வேணும்,” என்றாள்.

அது மட்டும் அவருக்கு வடிவாகக் கேட்டது. படப்பெட்டியை மூடித் தோளில் போட்டுக்கொண்டு அவளுக்குப் பின்னால் நடந்தார். மத்தியானம் சாப்பாட்டு மேசையில் அவருக்குப் பிடித்த நண்டு வந்தது. அவர் தொடவில்லை. சொல்ல வந்தது என்ன, சொல்லிவிட்டது என்ன. புஸ்பராணிக்கு நாக்கைப் பிடுங்கலாம் போலிருந்தது.

நாலரை மணிக்குக் கப்பல் நிலையத்துக்கு வந்தார்கள். நூற்றுக்கணக்கான சனம், பெட்டிகள், கொடி பிடித்துக்கொண்டு ஜப்பான்காரர் கூட்டம். “பாத்றூமுக்குப் போட்டு வாறன்,” என்று ஸ்ரீஸ்கந்தராசா போனார். அரை மணி ஆகியும் வரவில்லை.

அவள் பாத்றூம் வாசலில் நின்று பார்த்தாள். கடைகளைப் பார்த்தாள். வெளியே தெருவரைக்கும் போய்ப் பார்த்தாள். அவருடைய பாஸ்போட்டும், சீனி வருத்தத்துக்கு, அதுதான் நீரிழிவுக்கு, எடுக்கிற மருந்தும் அவளுடைய கைப்பையில் இருந்தன. மத்தியானம் ஒழுங்காகச் சாப்பிடாத மனிதர், பாசை தெரியாத ஊரில், கூப்பிட்டாலும் கேட்காத காதோடு எங்கே போனார்? கோபத்தில் நடந்து போய்விட்டாரா? மயங்கி எங்கேயாவது விழுந்து கிடக்கிறாரா? வண்டி உரசிக்கொண்டு போனது திரும்பத் திரும்பக் கண்ணுக்குள் வந்தது.

பயண வழிகாட்டி கேத்தரின் மற்றவர்களை வரிசையில் விட்டுவிட்டு ஓடி வந்தாள். ஐந்தே முக்காலுக்குக் கதவைப் பூட்டிவிடுவார்கள், கப்பல் காத்து நிற்காது என்றாள். புஸ்பராணியைத் தகவல் கவுண்டரில் கொண்டுபோய் விட்டுவிட்டு, மேல்மாடியில் தேட ஓடினாள்.

கவுண்டரில் இருந்த பிள்ளைக்கு இருபது வயது இருக்கும். கொஞ்சம் இங்கிலீஷ் தெரிந்திருந்தது. புஸ்பராணி பாஸ்போட்டைத் திறந்து பெயரைக் காட்டினாள். பிள்ளை அந்தப் பெயரை இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரைக்கும் பார்த்தாள். ஸ்ரீஸ்கந்தராசா என்கிற பெயரை ரொறன்ரோவில் நேர்ஸ்மாரே பாதியில் விட்டுவிடுவார்கள், அந்தப் பிள்ளை என்ன செய்யும் பாவம். மைக்கை எடுத்து அவள் என்னவோ சொன்னாள். தும்மல் மாதிரி ஒரு சத்தம் மண்டபம் முழுவதும் கேட்டது. ஒருவரும் வரவில்லை. இன்னொரு தரமும் தும்மினாள். வரவில்லை.

பிள்ளை யோசித்தாள். பிறகு இங்கிலீஷில், “நீ அவரை எப்படிக் கூப்பிடுவாய்?” என்று கேட்டாள். வீட்டில் சின்னப் பெயர் ஏதாவது இருக்குமே என்று அவள் நினைத்திருக்க வேண்டும்.

பதறிப் போயிருந்த புஸ்பராணி கேட்ட கேள்விக்குச் சரியான பதிலைச் சொன்னாள். “இஞ்சாருங்கோ.”

இங்கே பாருங்கோ என்பதுதான் எங்கள் பெண்களின் வாயில் தேய்ந்து இஞ்சாருங்கோ ஆனது. இருபத்தைந்து வருடமாக அவள் அவரை அப்படித்தான் கூப்பிட்டாள். கட்டினவரின் பெயரைச் சொல்லி அவள் ஒரு நாளும் கூப்பிட்டதில்லை.

பிள்ளையின் முகம் தெளிந்தது. இது வாய்க்குள் அடங்குகிற பெயர். மைக்கை எடுத்து மிகுந்த மரியாதையோடு, “மிஸ்டர் இஞ்சாருங்கோ. மிஸ்டர் இஞ்சாருங்கோ, பிளீஸ்,” என்றாள்.

வேறொரு நாள் என்றால் புஸ்பராணி விழுந்து விழுந்து சிரித்திருப்பாள். அன்று அவள் மண்டபத்தை ஒரு கரையிலிருந்து மறு கரைக்குப் பார்த்தாள். வாற போற சனத்துக்குள் அவருடைய மொட்டைத் தலையைக் காணவில்லை. சுவர் மணிக்கூட்டில் ஐந்து இருபது. அவளுடைய கண் நிறைந்துவிட்டது. பிள்ளை அதைப் பார்த்தாள். கவுண்டரின் பக்கக் கதவைத் திறந்து, அவளை உள்ளே கூப்பிட்டு, சுவரைப் பார்த்தபடி இருந்த மேசைக்கு முன்னால் நிறுத்தி, மைக்கை அவளிடம் கொடுத்தாள். “நீயே கூப்பிடு.”

“இஞ்சாருங்கோ,” என்றாள் புஸ்பராணி.

அவளுடைய குரல் கூரையிலிருந்து அவளுக்கே திரும்பி வந்தது. “எங்கை நிக்கிறியள்? நான் கீழை, தகவல் குடுக்கிற கவுண்டரிலை நிக்கிறன். உங்கட மருந்து என்னட்டைக் கிடக்குது. பாஸ்போட்டும் என்னட்டை. கப்பல் போகப் போகுது. வாங்கோ.”

மைக்கை வைக்கப் போனவள் வைக்கவில்லை. இவ்வளவு சனத்துக்குள் தமிழ் தெரிந்தவர் ஒருவரும் இல்லை என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. வீட்டு அறைக் கதவைச் சாத்திவிட்டுக் கதைக்கிறது மாதிரித்தான். கத்தவும் தேவையில்லை. அவள் மெல்லச் சொன்னால் காணும், கூரை கத்தும்.

“காலமை சொன்னது பிழை,” என்றாள். “செருப்பாலை அடிக்கிறதெண்டால் என்ரை வாயிலைதான் அடிக்க வேணும். அந்த வண்டியைக் கண்டு பயந்து போனன். உங்களுக்கு ஒண்டு நடந்தால் நான் என்ன செய்வன்?”

மூச்சு வாங்கினாள். “அந்தப் பாழ்படுவான் மெஷினுக்குப் பக்கத்திலை ஒன்பது வருசம் நிண்டிருக்கிறியள். எனக்கு ஒருநாளும் சொல்லேல்லை. கொழும்புக்கு ரெலிபோன் எடுத்தால், சுகமாயிருக்கிறன், வேலை லேசு எண்டுதான் சொன்னனீங்கள். நானும் நம்பினனான். வந்தாப் பிறகும் ரீவியைக் குறையுங்கோ, கத்தாதேங்கோ எண்டு உங்களைப் பேசினதுதான் மிச்சம். உங்கட காதைக் குடுத்துத்தான் எங்களைக் கூப்பிட்டனீங்கள் எண்டு எனக்குத் தெரியாது, இஞ்சாருங்கோ.”

குரல் உடைந்தது. அவள் பொருட்படுத்தவில்லை. “நிருஜா பாங்கிலை வேலை செய்யிறாள். பொடியன் கம்பசுக்குப் போறான். ராவிலை ஆர் கதவைத் தட்டுவினமோ எண்டு பயமில்லாமல் நான் நித்திரை கொள்ளுறன். எல்லாம் உங்களாலை. உதுக்கு என்ன சொல்லுறதெண்டு ஜூன் மாசத்திலையிருந்து யோசிக்கிறன். எங்கட ஆக்கள் வீட்டுக்குள்ளை உதைச் சொல்லுறேல்லை. எனக்கும் வெக்கமாயிருந்தது. நன்றி. சொல்லிப் போட்டன். உங்களுக்குக் கோடி நன்றி. அண்டைக்கு நீங்கள் என்னைக் கூப்பிட்டனீங்கள், நான் வந்தனான். இண்டைக்கு நான் கூப்பிடுறன். வாங்கோ.”

கொடி பிடித்துக்கொண்டு நடந்த ஜப்பான்காரர்கூட நின்றுவிட்டார்கள். ஒரு சொல் விளங்காவிட்டாலும் ஏதோ பெரிய விசயம் என்று அவர்களுக்குப் பட்டிருக்க வேண்டும். பக்கத்தில் நின்ற பிள்ளை கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஆனால் அவள் பார்த்தது புஸ்பராணியை அல்ல. புஸ்பராணியின் தோளுக்கு மேலால் பின்னுக்குப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

புஸ்பராணி திரும்பினாள்.

கவுண்டருக்கு வெளியே, நாலு அடி தள்ளி, ஸ்ரீஸ்கந்தராசா நின்றுகொண்டிருந்தார். சட்டைப் பைக்குள் கிடந்த மெஷின் அவருடைய இடது காதில் இருந்தது. முகம் முழுவதும் ஈரம். ஒரு விரல் இன்னும் உதட்டின் மேல் இருந்தது. பேசாமல் இரு என்று அந்தப் பிள்ளைக்குக் காட்டின விரலை எடுக்க மறந்துபோய் நின்றார்.

“எங்கை போனனீங்கள்?”

“மேலை, கப்பல் பாக்கிற இடத்திலை இருந்தனான். மனம் சரியில்லை. இந்த மெஷினையும் எடுத்துக் காதிலை போட்டுக்கொண்டனான்.”

“எப்ப வந்தனீங்கள்?”

“மிஸ்டர் இஞ்சாருங்கோ எண்டு கூப்பிட்டது கேட்டது. அது நான்தானே. உடனை இறங்கி வந்திட்டன்.”

அவளுக்குக் கோபமும் அழுகையும் ஒன்றாக வந்தது. “அப்ப, நான் மைக்கைப் பிடிக்கேக்கையே இதிலை நிண்டனீங்களோ? நான் செத்துப் பிழைச்சுக்கொண்டு நிக்கிறன். கப்பலும் போகப் போகுது. வந்திட்டன் எண்டு ஒரு சொல்லுச் சொல்லக் கூடாதே?”

அவர் கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்தார்.

“சொல்லியிருந்தால் நீர் நிப்பாட்டியிருப்பீர், புஸ்பம்,” என்றார். “எனக்கு இனி எவ்வளவு நாளைக்குக் கேக்குமோ தெரியாது. அதுதான் முழுக்கக் கேட்டுட்டு வருவம் எண்டு நிண்டனான்.”